பயம் என்னிடமே இருக்கட்டும்

இடது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போல வலித்தது. என்னைச் சலவை ஆலையின் அழுக்குத் துணி அறைக்குத் தள்ளிய பிறகு வந்த வலி அது. ஈரத் துணி மூட்டை கனக்கும். ஆஸ்பத்திரி மூட்டை இன்னும் கனக்கும். குனிந்து முடிச்சை அவிழ்த்து, விரிப்பு தனி, போர்வை தனி, தலையணை உறை தனி என்று பிரித்துப் போட வேண்டும். நடுவில் ஊசி வரும், கரண்டி வரும், ஒருமுறை யாருடையதோ பல்செட் வந்தது. தோளைப் பிடித்துக்கொண்டேதான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"உட்காரும்மா. உனக்காகக் கம்பெனி ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு," என்றார்.

கம்பெனி எனக்கு நல்லது செய்ததாகச் சொன்னால், அதில் எனக்கு என்ன வெட்டு என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நல்ல காரியம் என்பது கவுன்சிலிங். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவது. நாலு தடவை. செலவு கம்பெனியுடையது. "அந்த மேடம்கிட்ட மனசு விட்டுப் பேசு. பயமெல்லாம் போயிடும். அப்புறம் பழையபடி உருளைல நில்லு, பழைய சம்பளத்த வாங்கிட்டுப் போ. அழுக்கு ரூம்லயே கெடக்கணும்னு உனக்கென்ன தலையெழுத்தா?"

உருளை என்பது எங்கள் சலவை ஆலையில் இடுப்பு உயரத்தில் படுத்திருக்கும் பெரிய இரும்பு. உள்ளே நீராவி ஓடும். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை இரண்டு பேர் பிடித்து ஒரே நேரத்தில் அதன் வாயில் கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வெளியே வரும். அங்கே இரண்டு பேர் நின்று மடிப்பார்கள். எல்லாமே ஜோடி வேலை. ஜோடி சேர்ப்பது உயரம் பார்த்து. ஒருத்தி உயரமாகவும் ஒருத்தி குள்ளமாகவும் நின்றால் விரிப்பு கோணிக்கொண்டு போகும். ஆலையிலேயே உயரமானவர்கள் நாங்கள் இரண்டு பேர். அவளை எல்லோரும் நெட்டை என்றார்கள். என்னை நெட்டையோட ஜோடி என்றார்கள். எனக்கென்று தனியாக ஒரு பட்டப்பெயர் வைக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

உருளையின் வாயில் நீளமாக ஒரு தடுப்புப் பட்டை உண்டு. விரல் அதில் இடித்தால் இயந்திரம் நின்றுவிடும். தடித்த ஓரம் தைத்த விரிப்பு இடித்தாலும் நின்றுவிடும். நின்றால் நீராவி வீண், நேரம் வீண், சூப்பர்வைசருக்குத் திட்டு. சூப்பர்வைசரை நாங்கள் விசில் என்போம். இரைச்சலில் தொண்டை எடுபடாது என்று எப்போதும் வாயில் விசிலோடு திரிகிறவர். அவர் ஒரு கிழிந்த விரிப்பிலிருந்து நாடா கிழித்துத் தடுப்பைத் தூக்கிக் கட்டிவிட்டார். அதன் பிறகு உருளை எதற்கும் நிற்கவில்லை. நெட்டையின் வலது கைக்கும் நிற்கவில்லை. பிரிந்து தொங்கிய தையல் நூல் விரலில் சுற்றி இழுத்தது. நான் கோடியில் இருந்த சிவப்புப் பொத்தானுக்கு ஓடி அழுத்துவதற்குள், கட்டைவிரல் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது.

ஆலையைச் சோதிக்க அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் வரும் முன்பே நாடா அவிழ்ந்திருந்தது. அவர்கள் போன பின்பு மறுபடி கட்டப்பட்டது. இந்த முறை இரட்டை முடிச்சு.

எனக்கு நடந்தது இவ்வளவுதான்: உருளைக்கு முன்னால் போய் நின்றால் இரண்டு கையும் தானாக அக்குளுக்குள் போய் ஒளிந்துகொண்டன. நான் இழுத்தாலும் வரவில்லை. அதனால் அழுக்கு அறை, பாதிக்குக் கொஞ்சம் மேலே சம்பளம், இப்போது கவுன்சிலிங்.

முதல் தடவை மேனேஜர் அறையிலேயே நடந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண். என்னைவிட வயதில் சிறியவள். பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு தொட்டிச் செடி. வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன்.

"இப்ப உங்க ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

"விசில் இருக்காருங்க."

"யாரு?"

கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த விசில் எட்டிப் பார்த்து, "நான் சூப்பர்வைசர் மேடம். லைன் கட்டாச்சுன்னா சரி பண்றதுக்கு," என்றார். வீட்டில் பல்பு மாட்டவே மச்சானைக் கூப்பிடுகிற ஆள் அவர்.

"லைன நாங்க பாத்துக்கறோம் சார். இது அவங்களோட நேரம். நீங்க வெளிய இருங்க, ப்ளீஸ்."

"மேனேஜர் இங்கயே இருக்கச் சொன்னாரு மேடம்."

அவள் இரண்டு முறை சொன்னாள், விசில் இரண்டு முறை தலையாட்டினார், நாற்காலி அசையவில்லை. அவள் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "அப்படின்னா இன்னிக்கு உங்க கஷ்டம் எதையும் நான் கேக்க மாட்டேன். விதிமுறைய மட்டும் சொல்லிடறேன்," என்றாள்.

சொன்னாள். நான் பேசுவது அவளோடு இருக்கும். நான் வந்தேன், பேசினேன் என்பது மட்டும்தான் கம்பெனிக்குப் போகும். என் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது, அதையும் முதலில் என்னிடம்தான் சொல்வாள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். பாதியில் எழுந்து போகலாம். அவளையே பிடிக்கவில்லை என்றால் வேறு ஆள் கேட்கலாம். படம் உறைந்துபோனால் பயப்பட வேண்டாம், போனில் கூப்பிடுவாள். அழுகை வந்தால் அழலாம்.

"எங்க வேலைல எழுந்தெல்லாம் போக முடியாதுங்க," என்றேன்.

"இது என் வேலை. இங்க போலாம்."

அடுத்த முறை என் சொந்த போனில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, யாரும் வராத இடத்திலிருந்து பேசச் சொன்னாள். மிச்ச நேரம் முழுக்க விரிப்பில் தேநீர்க் கறை எப்படிப் போகும் என்று பேசினோம். விசிலுக்கு அலுத்துப்போய் கண் சொக்கியது.

யாரும் வராத இடம் என்றால் வீட்டில் எது? ஒரு அறையும் ஒரு சமையலிடமும். என் கணவர் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். காதில் மாட்டுவதை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவரும் அவர்தான், கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தவரும் அவர்தான்.

"நீ பேசு. நான் பாட்டுக்கு இருக்கேன்."

"நீங்க இருந்தா எப்படிப் பேசறது?"

"அப்ப என்னப் பத்திதான் பேசப் போற."

மாமியாருக்கு வேறு கவலை. "ஏம்மா, நீ பேசற, அவ கேக்கறா. அதுக்கு அவளுக்குச் சம்பளமா? இத்தன வருஷமா இந்த வீட்ல நான் கேட்டதுக்கெல்லாம் யார் குடுத்தா?"

"அத்தை, நீங்க எங்க கேட்டீங்க, நீங்க பேசினீங்க."

கணவர் சிரித்தார். அத்தையும் சிரித்துவிட்டு, அதற்காகவே ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். வீடு ஆகாது என்று தெரிந்துபோனது.

கடைசியில் அழுக்கு அறைதான் கிடைத்தது. சாப்பாட்டு வேளையில் அந்த நாற்றத்துக்கு ஒரு ஈ காக்கை வராது. கதவைச் சாத்தி, ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, எதிர் மூட்டையில் போனைச் சாய்த்து வைத்தேன்.

"உங்க பின்னாடி என்ன அது, மூட்டை மூட்டையா?"

"ஊர் அழுக்குங்க."

அவள் சிரித்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நூல் சுற்றியது, நெட்டை கத்தாதது. அவள் கத்தவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள், என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்பது போல. அந்தப் பார்வை தட்டு கழுவும்போது வரும், பஸ்ஸில் வரும். சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லை.

"ஹலோ. லைன் நின்னுடுச்சா?"

"இல்ல. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"அசையவே இல்லியே, படம் உறைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

"நீங்க இன்னும் ஏதாவது சொல்லுவீங்களான்னு காத்திருந்தேன்."

சொல்ல இன்னும் இருந்தது. அழுகையும் இருந்தது. அது முடிந்ததும், உடம்பு பதறும்போது செய்ய ஒரு பயிற்சி சொல்லித்தருகிறேன் என்றாள். "கண்ண மூடிக்கோங்க. மூக்கால நல்லா ஆழமா மூச்ச இழுங்க."

"இந்த ரூம்லயாங்க?"

ஒரு கணம் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். அந்தப் பயிற்சியை மாடியில் துணி காயும் இடத்தில் செய்து பழகினேன். உள்ளதைச் சொல்கிறேன், அது வேலை செய்தது. பஸ்ஸில் அந்தப் பார்வை வந்தபோது, மூச்சை எண்ணிக்கொண்டே என் நிறுத்தம் வரை போய்ச் சேர முடிந்தது.

மூன்றாவது தடவை அவள் ஒரு திட்டத்தோடு வந்தாள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். உருளை ஓடினால் பத்து, நின்றால் இரண்டு என்றேன். முதல் நாள் நின்ற உருளைக்குப் பக்கத்தில் போய் நிற்பது, அடுத்து அதைத் தொடுவது, அப்புறம் ஓடும்போது தூரத்தில் நிற்பது, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக.

"சரிங்க. கடைசில அது வாய்ல கை குடுக்கணும்."

"ஆமா. அதுக்குள்ள பத்து குறைஞ்சிருக்கும்."

"தடுப்பு கட்டித்தான இருக்கும்."

"என்ன கட்டி இருக்கும்?"

போன தடவை அழுகையில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது சொன்னேன். பட்டை, நாடா, இரட்டை முடிச்சு. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"இப்பவும் கட்டி இருக்கா? இன்னிக்கும்?"

"காலைல கூடப் பாத்தேன்."

"அப்ப இந்தத் திட்டம் வேண்டாம். தப்பா போட்டுட்டேன்."

"மேடம், ஒண்ணு கேக்கறேன். உங்க வேலை பயத்த எடுக்கறது. நீங்க நல்லாத்தான் எடுக்கறீங்க. ஆனா பயத்த நீங்க எடுத்துட்டா, நாளைக்கு கைய உருளை எடுத்துக்கும். அப்புறம் நான் எத வச்சு விரிப்பப் பிடிக்கறது?"

அவள் திட்டம் எழுதிய தாளை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள். இது அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்கிற கணக்கில் வருகிறது, அவள் கம்பெனிக்கு எழுதியாக வேண்டும், என் பெயர் இல்லாமல் எழுதலாம். எப்படி எழுதினால் எனக்குச் சிக்கல் வராது என்று கேட்டாள்.

"எழுதுங்க. ஆனா நான் மேனேஜர்கிட்ட பேசின பிறகு எழுதுங்க. நீங்க முதல்ல எழுதினா, வெளிய இருக்கற மேடம் சொன்னாங்கன்னு ரெண்டு நாள் அவுத்து வச்சிட்டு மறுபடி கட்டிடுவாரு விசில். நாங்க சொன்னாத்தான் அவுத்தது அவுத்தபடி இருக்கும்."

"நாளை சாயங்காலம் வரைக்கும்தான் காத்திருப்பேன். அதுக்கு மேல முடியாது. என்ன சொல்லப் போறீங்க?"

என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. அதையே அவளிடம் சொன்னேன். "சரி, சொல்லிப் பாப்போம். நான்தான் மேனேஜர்," என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க ஏன் உங்க வேலைக்குத் திரும்பல?"

"எங்க மேனேஜர் என்ன 'நீங்க'ன்னு சொன்னா நான் மயக்கம் போட்டுடுவேங்க. 'நீ' போடுங்க."

"நீ ஏன் வேலைக்கு வரல?"

"இன்னும் கொஞ்சம் இளக்காரமா."

தொண்டையைச் செருமினாள். "என்னம்மா, மகாராணிக்கு இன்னும் பயம் தெளியலையா? ஊர்ல உள்ளவ எல்லாம் வேல செய்யல? உனக்கு மட்டும் தங்கத்துல செஞ்ச கையா?"

எனக்குத் திக்கென்றது. கை அக்குளுக்குள் பாதி தூரம் போய்விட்டது. "எங்க படிச்சீங்க இதெல்லாம்?"

"எனக்கும் ஒரு மேனேஜர் இருந்தாரு. பதில் சொல்லுங்க."

நாலைந்து முறை சொல்லிப் பார்த்தோம். முதலில் கெஞ்சலாக வந்தது, அப்புறம் கத்தலாக வந்தது. கத்தினால் பைத்தியம் என்பார்கள், அதற்குக் கவுன்சிலிங் சாட்சி ஆகிவிடும் என்று நானே குரலை இறக்கினேன்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய், "உருளைல நிக்கறேன் சார்," என்றேன். அவர் முகம் பூத்தது. தானே கூட்டிக்கொண்டு வந்தார், என்னைக் குணமாக்கிய டாக்டர் போல. எனக்கு இப்போது ஜோடியாகப் போட்டிருந்த பெண்ணைக் குள்ளி என்பார்கள். என் தோளுக்கு வருவாள், ஒரு மரப்பலகை மேல் ஏறி நிற்பாள். விரிப்பின் ஒரு மூலையை அவள் பிடித்தாள். மறு மூலையை நான் பிடிக்கவில்லை. கை அக்குளுக்குள் போகத் துடித்தது, விடாமல் மார்பில் கட்டிக்கொண்டேன்.

"பிடிம்மா," என்றார் மேனேஜர்.

"தடுப்ப அவுத்து விடுங்க சார், பிடிக்கறேன்."

"இன்னும் அந்தப் பயம் போகலையா? அதுக்குத்தான நாலு தடவ…"

"பயம் இருக்குது சார். நாடாவும் இருக்குது. என்னால ஆனத நான் பாத்துக்கிட்டேன். உங்க பங்கு அந்த முடிச்சுதான், அத நீங்க பாருங்க."

ஒத்திகையில் இது வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

விசில் ஊதினார். யாருக்காக ஊதினார் என்று அவருக்கே புரிந்திருக்காது. ஜோடி வேலையின் லட்சணம் இதுதான். ஒருத்தி கையைக் கட்டினால் இன்னொருத்தி மூலையைப் பிடித்துக்கொண்டு கொடிக்கம்பம் மாதிரி நிற்க வேண்டியதுதான். மறுபக்கம் மடிக்கிற இரண்டு பேரும் வெறுங்கையோடு எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து உருளைக்காரிகளும் மெதுவானார்கள். உருளை ஒன்றுமில்லாமல் சுற்றிக்கொண்டு சீறியது.

"நீ தள்ளு," என்றார் மேனேஜர். விசிலைப் பார்த்து, "யோவ், நீ குடு. ரெண்டு விரிப்பு குடுத்துக் காட்டு இவளுக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு தெரியட்டும்."

விசில் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். நான் நின்ற இடத்துக்கு வந்தார். மூலையைப் பிடித்தார். குள்ளி "ஒண்ணு, ரெண்டு," என்று எண்ணினாள், நாங்கள் வழக்கமாக எண்ணுவது போல. மூன்றுக்கு இரண்டு பேரும் உருளை வாயில் கொடுக்க வேண்டும். குள்ளி கொடுத்தாள். விசிலின் கை ஒரு சாண் முன்பே நின்றது. விரல்கள் விரிந்துகொண்டன. அவர் பிடித்திருந்த மூலை தரையில் விழ, விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய் மடிந்து சிக்கி, கருகல் வாடை அடித்தது. குள்ளியே ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

விசில் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்த்திருந்தது.

"சார், இவருக்கும் ஒரு நாலு தடவ கவுன்சிலிங் போட்டுக் குடுங்க," என்றேன். "நல்ல மேடம்."

முதலில் சிரித்தது மறுபக்கம் இருந்தவர்கள். அப்புறம் எல்லா உருளையிலும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவரவர் உருளையையும் நிறுத்தினார்கள். யாரும் சொல்லி நிறுத்தவில்லை. ஆலை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதேயில்லை. மேனேஜர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். ஆஸ்பத்திரி விரிப்புகளை எடுக்க வண்டி மதியத்துக்கு வந்துவிடும், அது அவருக்கும் தெரியும். "அவுத்துத் தொலைய்யா," என்றார். விசில் கத்தி வாங்கி நாடாவை அறுத்தார். தடுப்பு கடக்கென்று கீழே விழுந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

அன்றைக்கு உருளை எத்தனை முறை நின்றது என்று எண்ணி மாளாது. தடித்த ஓரம் வரும்போதெல்லாம் நிற்கும், நாங்களும் நிற்போம். மேனேஜர் ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். முதல் விரிப்பைக் கொடுத்தபோது என் கை அக்குளுக்குத் திரும்பப் பார்த்ததைக் குள்ளி கவனித்துவிட்டாள். அவள் எண்ணுவதை எனக்காக மெதுவாக்கினாள். சாயங்காலம் கவுன்சிலிங் பெண்ணுக்குப் போன் செய்து, எழுதலாம் என்றேன். எழுதினாள்.

வார விடுமுறையில் நெட்டையைப் பார்க்கப் போனேன். இடது கையால் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். விசில் கையைப் பார்த்து நின்றதைச் சொன்னபோது சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"இருந்தாலும் நானும் பாத்துக் குடுத்திருக்கணும்டி. மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப சொன்னாரு, அஜாக்கிரதைன்னு. விசிலும் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆமாம்னு தலையாட்டினான். யோசிச்சுப் பாத்தா சரிதான், நூல் தொங்கினத நான்தான் பாக்கல."

"தடுப்பு கட்டியிருந்துச்சுடி."

"அது தெரியும். ஆனாலும் நான்தான பாக்கல."

அவள் அதைச் சும்மா சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள். விரல் போன இடத்தில் அந்த அஜாக்கிரதை என்ற சொல்லைத் திணித்து அனுப்பியிருந்தார்கள். எவ்வளவு சொல்லியும் அவள் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் சொன்னால் தோழி ஆறுதல் சொல்வது போலத்தான் அவளுக்கு இருந்தது.

நாலாவது தடவை, கடைசித் தடவை. சாப்பாட்டு வேளையில் அழுக்கு அறையில் இப்போது வேலை செய்கிறவளை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பத்துக்கு எத்தனை என்று திரையில் அந்தப் பெண் கேட்டாள்.

"அஞ்சு."

"இன்னும் கொறைக்கணுமா?"

"வேண்டாங்க. இந்த அஞ்சு என்கிட்டயே இருக்கட்டும். காலைல வந்ததும் தடுப்ப என்னப் பாக்க வைக்கறது அதுதான்."

அவள் தலையசைத்தாள். கம்பெனி காசில் எங்கள் நேரம் இதோடு சரி, வேண்டுமென்றால் குறைந்த கட்டணத்தில் பேச இடம் இருக்கிறது என்று விவரம் சொன்னாள். நெட்டைக்கும் அது கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்றாள். நெட்டை சொன்னதைச் சொன்னேன். நேற்று விசிலைப் படிக்கட்டில் மடக்கியதையும் சொன்னேன்.

"என்ன கேட்டீங்க அவர்கிட்ட?"

"அவ வீட்டுக்குப் போங்க, அவ முகத்தப் பாத்து, தடுப்பக் கட்டினது நான்தான்னு ஒரே ஒரு தடவ சொல்லிட்டு வாங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு. நாளைக்கும் கேப்பேன். அவரு வேலைய விட்டுப் போனாலும் வீடு தேடிப் போய்க் கேப்பேன்."

இந்த வாரமும் கேட்டேன். அவர் இன்னும் போகவில்லை. கட்டினது நான்தான் என்ற அந்த ஒரு வார்த்தை நெட்டைக்கு இன்னும் பாக்கி.